போர்டு ஈரமா இருக்கு

"இன்னா குணா, விடியறதுக்குள்ள போர்டு முன்னாடி குந்திக்கினு?"ன்னு கேட்டாரு. வயர்கூடையை மாட்டிக்கிட்டு காசிமேட்டுக்கு மீன் வாங்கக் கிளம்பின என் வீட்டுக்காரரு, ஒரு கால் வாசப்படிக்கு வெளியில, ஒரு கால் உள்ள. "போர்டு ஈரமா இருக்கு, காய வைக்கிறேன்"னு சொன்னேன். வாய் தானா சொல்லிச்சு, நான் யோசிக்கக்கூட இல்ல. "ஆமால்ல, இன்னிக்கி ஆட்டம்"னு தலையை ஆட்டிட்டு இறங்கிட்டாரு. வஞ்சிரம் கிடைச்சா வஞ்சிரம், இல்லாட்டி சங்கரா, அது அவரு கவலை. துறைமுகத்துல கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவரு. அவ்வளவு பெரிய கன்டெய்னரை உசரத்துல இருந்து பார்த்தே ஒரு நூல் பிசகாம கப்பல்ல இறக்கி வைப்பாரு. எதிர்ல உக்காந்திருக்கிற பொண்டாட்டி கை திறக்காம கிடக்கறது மட்டும் தெரியல. எப்படித் தெரியும்? நான்தான் காட்டலையே. தோள்ல துண்டைப் போத்திக்கிட்டு, கேரம் போர்டு மேல தொங்கற குண்டு பல்புக்குக் கீழ ரெண்டு கையையும் வெச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். துண்டுக்குள்ள ஜாக்கெட்டுல ஒரு ஹூக்குகூட மாட்டல. மாட்ட முடியல. அவ்வளவுதான் விஷயம். அதைச் சொல்ல மட்டும் இத்தனை நாளா வாய் வரல, போர்டு ஈரம்னு சொல்றதுக்கு எப்படி ஓடி வருது பாரு.

திற. திறயேன். கெஞ்சினா திறக்குமா? விரல் எல்லாம் பாதி மடங்கி அப்படியே நிக்குது. நீட்டுன்னு மனசுல சொல்றேன், சேதி விரலுக்குப் போய்ச் சேரல. வாழ்நாள் பூரா போஸ்ட் ஆபீஸ்ல குப்பை கொட்டறவளுக்கு இது நல்லா வேணும். வலின்னு சொல்ல முடியாது, வலின்னா கத்தலாம், தைலம் தேய்க்கலாம். இது இறுக்கம். ராத்திரி யாரோ வந்து கையில சிமெண்டு ஊத்திட்டுப் போன மாதிரி. ஆள்காட்டி விரல், நடுவிரல், ரெண்டுக்கும் அடிமூட்டு பணியாரமா உப்பிக் கிடக்கு. வலக்கையில மட்டும்னா துணி பிழிஞ்சது, பஸ்ல கம்பியப் புடிச்சது, எதையாவது சொல்லலாம். இடக்கையிலயும் அதே இடம், அதே அளவு. ரெண்டு கையும் கலந்து பேசி வெச்சிக்கிட்டு வீங்குமா? அதுதான் பயம். எப்ப ஆரம்பிச்சதுன்னு யோசிச்சா பிடிபடல. பொங்கலுக்கு முன்னாடியே இருக்கும். மோதிரம் கழட்ட வரல, சோப்பு போட்டு இழுத்து, கழட்டினதை பீரோவுல வெச்சிட்டு, "கை இளைச்சுப் போச்சுங்க, மோதிரம் வழுக்குது, தொலைச்சிடுவேன்"னு அவருகிட்ட சொன்னேன். இளைச்சிதாம்! வீங்கினதை இளைச்சுதுன்னு சொன்ன முதல் பொம்பளை நானாத்தான் இருப்பேன். அவரும் "ஆமா, நீ ஒழுங்கா துன்றதில்ல"ன்னு அன்னிக்கி ராத்திரி ஒரு முட்டை கூடுதலா வெச்சாரு. அப்புறம் தயிர் டப்பா மூடி. அப்புறம் பூட்டுல சாவி. ஒண்ணொண்ணும் வந்தப்ப ஒண்ணொண்ணுக்கும் ஒரு சமாதானம் கையில இருந்துச்சு. மத்தியானமானா சரியாயிடுதே, சரியாயிடறது எப்படி வியாதி ஆகும்? அப்படித்தான் நெனச்சேன். சாயங்காலம் இதே கை வெங்காயம் நறுக்குது, ஸ்ட்ரைக்கர் தள்ளுது, போர்டு மூலையில ஒட்டிக்கிட்டிருக்கிற காயைத் தூக்கிப் போடுது. காலையில மட்டும் வேற எவளோட கையோ.

எமல்டா வர்ற நேரம். சர்ச்சுல முதல் பூசை முடிஞ்சதும் நேரா இங்கதான் வருவா, முக்காடு போட்ட தலையோட, மல்லிப்பூ வாசனையோட. ஞாயித்துக்கிழமைன்னா எனக்கு அவ, அவளுக்கு நான். பொண்ணுங்களா இருந்தப்ப ஜோடி சேர்ந்தோம், ராயபுரம் பொம்பளைங்க ரெண்டு பேரு வர்றாங்கன்னா சேலம், மதுரையில எல்லாம் கொஞ்சம் கம்முனு ஆவாங்க அப்ப. அந்த ஆட்டம்தான் எனக்கு போஸ்ட் ஆபீஸ்ல வேலை வாங்கிக் குடுத்துச்சு, அவளுக்கு ரயில்வேயில. அவ புருசன் செத்த வருஷம் அவ சோறு தண்ணியில்லாம கிடந்தா. பதினாறு முடிஞ்ச அன்னிக்கி போர்டைத் தூக்கிக்கிட்டு அவ வீட்டுக்குப் போய்ப் போட்டேன். ஊர் என்ன வேணா பேசட்டும். "ஆடுடி"ன்னேன். அழுதுக்கிட்டே ஆடினா, அழுதுக்கிட்டே என்னைத் தோக்கடிச்சா பாவி. இன்னிக்கி எங்க கேரம் கிளப்போட ஆண்டு விழா, எங்களை மாதிரி கிழடு கட்டைங்களுக்குன்னு தனியா இரட்டையர் ஆட்டம். ஒரு மாசமா இதையேதான் பேசிக்கிட்டிருக்கா. புதுப் புடவைகூட எடுத்திருக்கா, ரெண்டு பேருக்கும் ஒரே கலர். இப்ப நான் போய், எமல்டா, எனக்குக் கை வரலடி, வேற ஜோடி பாத்துக்கடின்னு சொன்னா? அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. அதுதான் தாங்காது. சரிடின்னு சொல்லிட்டு அவளும் நிறுத்திடுவா. அவ வீட்டுல ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு அதுக்கப்புறம் இருக்காது.

அந்த டாக்டரம்மா. சின்னப் பொண்ணு, என் பொண்ணு வாணி வயசு இருக்கும். தெருமுனை கிளினிக்ல சாயங்காலம் மட்டும் உக்காரும். சளின்னு சொல்லித்தான் போனேன், எழுந்திரிக்கும்போது சும்மா கேக்கற மாதிரி, "விரல் மூட்டு லேசா வீங்குது டாக்டர், வயசாச்சில்ல"ன்னேன். அது சிரிச்சிக்கிட்டே கை குடுத்துச்சு. குடுத்த கையை விடாம அடிமூட்டு நாலையும் சேர்த்து ஒரு அமுக்கு அமுக்கிச்சு பாரு, அம்மான்னு கத்திட்டேன். சிரிப்பு போயிடுச்சு அதுக்கு. "காலையில எழுந்ததும் கை மடங்காம, நீட்ட வராம இருக்கா?"ன்னுச்சு. இருக்குன்னேன். "எவ்வளவு நேரம்?" அங்கதான் நான் மாட்டினேன். அந்தக் கேள்வியில ஏதோ இருக்குன்னு அது முகத்துலயே தெரிஞ்சுபோச்சு. எதிராளி எந்தக் காய்க்குக் குறி வைக்கிறான்னு கண்ணைப் பார்த்தே சொல்ற ஆளு நான். இவ்வளவு நேரம்னு சொன்னா இது, அவ்வளவு நேரம்னு சொன்னா அது. "கொஞ்ச நேரந்தான் டாக்டர், அஞ்சு நிமிஷம், கையை உதறினா போயிடும்"னு சொல்லிட்டேன். அது என்னையே பாத்துச்சு. "அஞ்சு நிமிஷம்னா பெருசா பயமில்ல. அரை மணி, ஒரு மணின்னு இருந்தா மறைக்காம உடனே வாங்கம்மா. ரத்தம் பாக்கணும். சீக்கிரமா வந்தா கையைக் காப்பாத்திடலாம், இப்ப நல்ல மாத்திரை இருக்கு. கோணிக்கிட்டப்புறம் வந்தா நாங்க ஒண்ணும் பண்ண முடியாது." சரின்னு தலையாட்டிட்டு சளி மாத்திரையை வாங்கிக்கிட்டு வந்தேன். யாரை ஏமாத்தினேன்? அந்தப் பொண்ணுக்கு என்ன நஷ்டம்? எவ்வளவு நேரம், எவ்வளவு நேரம். தினம் காலையில இந்த பல்புக்குக் கீழ உக்காந்தா அதான் கேக்குது. பால் காய்ச்சியாச்சு, புறங்கையாலதான் பாத்திரத்தை நகர்த்தினேன், காபி போட்டு அவரு குடிச்சாச்சு, அவரு கிளம்பியாச்சு, பேப்பர் வந்தாச்சு, எதிர் வீட்டு ரேடியோவுல நியூஸ் முடிஞ்சாச்சு. இன்னும் திறக்கல. டாக்டரம்மா, இதுதான் என் அஞ்சு நிமிஷம்.

ஏழுமலைதான் பாவம். கிளப்பு செகரட்டரி. போன வருஷக் கடைசியில கிளப்புல இருந்த குண்டு பல்பு எல்லாத்தையும் கழட்டிட்டு எல்.ஈ.டி. மாட்டினான், கரண்டு மிச்சமாம். அதுக்கப்புறம் எனக்கு அடி ஓடல. ஞாயித்துக்கிழமை காலையில முதல் ஆட்டம், ஸ்ட்ரைக்கர் பாதியிலேயே நின்னுடுது, நேர்க்காய் மூலையில போய் மூச்சு விடுது, விழ மாட்டேங்குது. "போர்டு ஈரம்யா ஏழுமலை! கடல் காத்து ராத்திரி பூரா குடிச்சிருக்கு, உன் வெள்ளை பல்புல சூடு ஏது? காயவே இல்ல!"ன்னு கத்தினேன். பவுடரைக் கொட்டினேன், போர்டு மேல கோலம் போடற அளவுக்கு. கனமான ஸ்ட்ரைக்கரை விட்டுட்டு லேசானதுக்கு மாத்தினேன். எமல்டாவும் என்கூடச் சேர்ந்து, "ஆமா ஆமா, ஈரம்தான்"னு கத்தினா. அவளுக்கு நல்லாத்தான் ஓடுது, இருந்தாலும் ஜோடியாச்சே. ஏழுமலை விரலால போர்டைத் தேய்ச்சுப் பாத்துட்டு, "அக்கா, சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதே, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்"னு சொன்னான் பாரு, எனக்கு வந்துச்சே கோவம்! என்னைப் பார்த்து! அவன் அரை டிராயர் போட்டுக்கிட்டு திரிஞ்சப்ப நான் ஸ்டேட் ஆடினவ. எமல்டா அவனை வெச்சு வாங்கினா, அவன் அப்பன் பேரையெல்லாம் இழுத்துட்டா. கடைசியில பழைய பல்பைத் தேடிப் புடிச்சு எங்க போர்டுக்கு மட்டும் மாட்டினான். மாட்டின பல்புக்குக் கீழ கொஞ்ச நேரம் கையை வெச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன், போர்டு காயட்டும்னு. அப்புறம் ஆடினா, சர்ரு சர்ருன்னு போவுது. "பாத்தியா, நான் சொன்னேன்ல!"ன்னு அவனை வேற கடுப்பேத்தினேன். பாவம்யா நீ ஏழுமலை.

போர்டு ஈரமா இருக்கு, காய வைக்கிறேன். அது என்னமோ நாக்குலயே நிக்குது. கிளப்புல வேற எவனுக்கும் போர்டு ஈரமா இல்ல, எனக்கு மட்டும் எப்படி இந்தச் சந்தேகம் முதல்ல வந்துச்சு? யாரு சொல்லிக் குடுத்தது எனக்கு, காலையில போர்டு ஈரமா இருக்கும், பல்பு போட்டுக் காய வைக்கணும்னு? கிளப்புல யாரும் சொல்லல. நான்தான் எல்லாருக்கும் சொன்னேன். எனக்கு அது வீட்டுல இருந்து வந்தது. கல்மண்டபத்துல எங்க வீட்டுக்கு முன்னால தகர ஷெட்டு, அப்பா அதுல நாலு போர்டு போட்டு கிளப் நடத்தினாரு. சாயங்காலமானா ஆம்பளைங்க, பீடிப் புகை, டொக்கு டொக்குன்னு சத்தம், "ரெட்டு போட்டான்டா, ஃபாலோ போடு, ஃபாலோ போடு!"ன்னு கூச்சல். சிவப்புக் காயைக் குழியில தள்ளினா மட்டும் போதாது, அடுத்த அடியில இன்னொரு காயையும் போட்டாத்தான் கணக்கு, இல்லாட்டி ரெட்டு திரும்ப நடுவுல வந்து உக்காந்துக்கும். ராத்திரி ஷெட்டைப் பூட்டினா மறுநாள் மத்தியானம்தான் தொறப்பாரு. ஆனா விடிகாலையில அம்மா தொறக்கும். அப்பா தூங்கிக்கிட்டிருக்கும்போதே சாவியை எடுத்துக்கிட்டுப் போய், ஒரு போர்டு பல்பை மட்டும் போட்டு உக்காந்துக்கும். நானும் பின்னாடியே போயிடுவேன், பாவாடையை வாரிச் சுருட்டிக்கிட்டு. என்ன ஒரு வாசனை அந்த ஷெட்டுக்கு! ராத்திரி பீடி, போரிக் பவுடர், மரம், சூடேறின பல்பு மேல இருக்கிற தூசி. வெளியில ஹார்பர்ல கப்பல் ஊதும். அம்மா ரெண்டு கையையும் போர்டு மேல, பல்புக்கு நேர் கீழ வெச்சிக்கிட்டு சும்மா உக்காந்திருக்கும். நான் எதிர்ல உக்காந்து, அந்தக் கையைச் சுத்தி இருக்கற இடத்துல காயை வெச்சு அடிச்சிக்கிட்டிருப்பேன். அம்மா கைதான் எனக்கு நடுவுல இருக்கிற தடுப்பு. அதுல படாம, பக்கத்துக் கட்டையில மோதவிட்டு எதிர்மூலையில போடணும். பட்டுதுன்னா அம்மா "ஸ்"ஸுன்னு மட்டும் சொல்லும். அந்த "ஸ்" கேக்கக் கூடாதுன்னே ஆடி ஆடித்தான் எனக்குக் கட்டை அடி வந்துச்சு. மதுரையில என் கட்டை அடியைப் பார்த்துட்டு எங்க போய்க் கத்துக்கிட்டேன்னு கேட்டாங்க. என்னத்தைச் சொல்றது.

ஒருநாள் அப்பா எழுந்து வந்துட்டாரு. "இன்னாடி இது, கரண்டு உங்கப்பன் வீட்டுதா? விடிகாலையில இங்க இன்னா வேலை ரெண்டு பேருக்கும்?" அம்மா கை அசையல. முகத்துல ஒண்ணும் தெரியல. அமைதியா சொல்லிச்சு. அய்யோ. அய்யோ, அம்மா. "போர்டு ஈரமா இருக்கு, காய வைக்கிறேன்." அதேதான். அச்சு அசல் அதேதான், அதே நிதானம், அதே மாதிரி நிமிர்ந்து பாக்காம. இன்னிக்கி என் வாயில இருந்து வந்தது என் பேச்சே இல்ல. அப்பாவும் போர்டைத் தொட்டுப் பாத்துட்டு, "கடல் காத்துல்ல, ஆமா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அதுக்கப்புறம் எங்க வீட்டுல அது சட்டமாயிடுச்சு. காலையில போர்டு ஈரமா இருக்கும், ரங்கம் காய வைக்கிறான்னு அம்மா பேரைச் சொல்லி அப்பாவே சொல்லுவாரு. அம்மாவுக்கு போர்டு யாருக்கு வேணும்? அம்மா ஒரு காயை அடிச்சு நான் பாத்ததில்ல. அம்மா காய வெச்சது போர்டை இல்ல. நான் நம்பினேன், அப்பா நம்பினாரு, எல்லாரும் நம்பினோம். நான் அதை வித்தைன்னு நெனச்சு ஊர் பூரா சொல்லிக் குடுத்தேன், ஏழுமலைகிட்ட சண்டை போட்டேன். அம்மாவோட ஒரு பொய், அம்பது வருஷமா ராயபுரத்துல பல்பு எரிய வெச்சிருக்கு. சிரிப்பா வருது. சிரிச்சா கண்ணுல தண்ணி வருது, தொடைக்கலாம்னா கை வரல. அம்மாவுக்கு அந்த வலி இல்லாட்டி எனக்கு அந்தக் காலை ஏது, அந்த போர்டு ஏது, வேலை ஏது, எமல்டா ஏது? என் சந்தோசம் எல்லாம் அது கை மூடிக் கிடந்த நேரத்துல இருந்து வந்ததா? அதை இப்ப இந்த வயசுல, மூடின கையோட உக்காந்துதான் தெரிஞ்சிக்கணுமா?

ஷெட்டுல இருந்து உள்ள வந்ததும் ஹூக்கு. அம்மா குளிச்சிட்டு வந்து என் முன்னாடி மண்டி போடும், நான் நின்னுக்கிட்டு ஜாக்கெட்டுக்கு ஹூக்கு மாட்டணும், கீழ இருந்து மேல. பள்ளிக்கூடம் போற பொண்ணுங்களுக்கு எல்லாம் அவங்க அம்மா தலை பின்னி விடுவாங்க, எங்க வீட்டுல மட்டும் தலைகீழ். அப்ப எனக்கு அது பெருமை. அம்மா கழுத்துல ஈரம், மஞ்சள் வாசனை, மூச்சு என் நெத்தியில படும். அப்பா, கிளப், கடன்காரன், பக்கத்து வீடு, யாரும் அதுக்குள்ள வர முடியாது. கடைசி ஹூக்கு மாட்டினதும் அம்மா புறங்கையால என் கன்னத்தைத் தடவும். விரல் மடிஞ்சிருக்கும், மூட்டு மூட்டா கன்னத்துல உருளும். மத்த அம்மாங்க உள்ளங்கையில முகத்தை ஏந்துவாங்க, எங்கம்மா கொஞ்சல் அது தனி. நான் வாணிக்கும் அப்படித்தான் தடவுவேன், அவ அவ பையனுக்கு அப்படித்தான். எங்க பரம்பரைக் கொஞ்சல்னு அவ மாமியாகிட்ட பெருமையா சொல்லியிருக்காளாம். நான் ஒன்பதாவது போறதுக்குள்ள அம்மா விரல் எல்லாம் சுண்டுவிரல் பக்கமா சாய ஆரம்பிச்சிடுச்சு, காத்துல சாஞ்ச வேலி கணக்கா. வாயுன்னாங்க. நண்டு ரசம் வெச்சுக் குடுத்தாங்க. வேலை செய்யச் செய்ய விட்டுடும்னாங்க, அதுவும் செஞ்சிக்கிட்டே இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனப்ப அந்த டாக்டரு முதல்ல கேட்டது, ஏம்மா இவ்வளவு நாள் வரலன்னுதான். எனக்கு வேலை ஆர்டர் வந்த அன்னிக்கி அம்மாவால சோறு பிசைய முடியல. நான் பிசைஞ்சு குடுத்தேன். "உனக்குக் கை நல்லா இருக்குடி"ன்னு சொல்லிச்சு. நல்லா இருக்குடின்னு நீ சொன்ன கைதான் இது, பாரும்மா. நான் சாகறதுக்குப் பயப்படல. சத்தியமா. வாணி வந்து எனக்கு ஸ்பூன்ல ஊட்டறதுக்குத்தான் பயப்படறேன். ஞாயித்துக்கிழமை போர்டு மேல துணி போட்டு மூடி வெச்சிருக்கறதைப் பாக்கறதுக்குத்தான் பயப்படறேன்.

கேட் சத்தம். "குணா! கெளம்பிட்டியாடி? இன்னிக்கி சாமியார் பிரசங்கத்தைச் சீக்கிரம் முடிச்சுட்டாரு, அவருக்கும் எங்கியோ ஆட்டம் இருக்கும்போல!" எமல்டா. செருப்பைக் கழட்டிக்கிட்டே பேசறா. மயில்கழுத்துக் கலர் புடவை, என்னுது இன்னும் கட்டில்ல மடிச்சபடி. உள்ள வந்து என்னைப் பாத்துட்டு இடுப்புல கை வெச்சா. "இன்னாடி இது, இன்னும் துண்டைப் போத்திக்கிட்டு? நல்லாத்தானே இருக்கே? விடிகாலையில போர்டு முன்னாடி இன்னா தவம்?" கேள்வி வந்துடுச்சு. பதிலும் ரெடியா நிக்குது, ஓடி வரப் போவுது, அவளும் நம்பிடுவா, "ஆமாடி, ராத்திரி செம ஈரம்"னு பக்கத்துல உக்காந்து போர்டைத் தேய்ச்சுக்கூட குடுப்பா. "போர்டு ஈரமா..."ன்னு ஆரம்பிச்சேன். அம்மா கை என் கண்ணு முன்னாடி, பல்புக்குக் கீழ, அசையாம. வாயை மூடிக்கிட்டேன். அப்புறம் சொன்னேன். "போர்டு நல்லாத்தான்டி இருக்கு. எப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு." துண்டை விலக்க விரல் வரல, தோளை ஒரு குலுக்கு குலுக்கினேன், அதுவே விழுந்துச்சு. "இந்த ஹூக்கை மாட்டி விடுடி."

எமல்டா கிட்ட வந்து என் கையைப் பாத்தா. தொடலாமான்னு கண்ணாலயே கேட்டா. அப்புறம் என் முன்னாடி மண்டி போட்டு உக்காந்து, கீழ இருந்து மேல ஒண்ணொண்ணா மாட்ட ஆரம்பிச்சா. "எவ்வளவு நாளா?" "பொங்கலுக்கு முன்னாடி இருந்தே." "எவ்வளவு நேரம் இப்படி இருக்கும்?" அதே கேள்வி. இந்தத் தடவை நான் கண்ணைப் பாக்கல, கணக்குப் போடல. "எழுந்ததுல இருந்து நீ பூசை முடிச்சு வர்ற வரைக்கும். சில நாளு அதுக்கு மேல. டாக்டர்ட்ட அஞ்சு நிமிஷம்னு சொல்லிட்டேன்டி." "ஏன்டி, உனக்குப் பைத்தியமா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறியே! உங்கம்மா பட்டது போதாதா?" கண்ணு சிவந்துடுச்சு அவளுக்கு. திட்டிக்கிட்டே நடு ஹூக்குல நிறுத்திட்டா. என்னமோ உறைச்சிருக்கு. "இரு இரு. அப்ப கிளப்புல போர்டு ஈரமே இல்லியா?" "இல்ல." "அட பாவி! நான் அந்த ஏழுமலையை அவன் அப்பன் பாட்டன் வரைக்கும் இழுத்து நாஸ்தி பண்ணேனேடி!" எனக்குச் சிரிப்பு தாங்கல, அவளுக்கும்தான், ரெண்டு பேரும் போர்டைப் புடிச்சிக்கிட்டு, ஹூக்கு பாதியில நிக்க, கண்ணுல தண்ணியோட. "சரி, ஆட்டம் மத்தியானம்தானே, அதுக்குள்ள கை திறந்துடும்ல? ஆடறோம். தோத்தாலும் ஆடறோம். நாளைக்கிக் காலையில உன்னை பெரியாஸ்பத்திரிக்கு நான் கூட்டிக்கினு போறேன். சாயங்காலக் கிளினிக் எல்லாம் வேணாம், அங்க உன் கை நல்ல புள்ளையாயிடும். இதே மாதிரி மூடின கையோட போய் டேபிள் மேல வெக்கிறே. ரெட்டு போட்டுட்டே, ஃபாலோ போடாம விட்டா நான் சும்மா இருக்க மாட்டேன்." "நாளைக்கி எனக்கு ஆபீஸ்..." "லீவு சொல்லு. உன் கை இல்லாம எனக்கு எவ இருக்கா?"

கடைசி ஹூக்கு மாட்டினா. பக்கத்துல இருந்தா, மல்லிப்பூ, சாம்பிராணி, அவ மூச்சு. என் கை எனக்குத் தெரியாமலே எழுந்து அவ கன்னத்தைத் தடவிச்சு, புறங்கையால, மடிஞ்ச விரலோட, மூட்டு மூட்டா. "இன்னாடி இது, திருப்பிப் போட்ட கையால கொஞ்சறே?"ன்னா. உள்ளங்கையால தொடலாம்னுதான் எழுந்திருக்கு. திறக்கல. எங்க பரம்பரைக் கொஞ்சல்னு வாய் வரைக்கும் வந்த பேச்சு அப்படியே நின்னுபோச்சு. அம்மா, தினம் தினம் நீ மண்டி போட்டு, என் முகத்துக்கு நேரா கையைக் கொண்டு வந்து. என்னை ஒரு தடவையாவது உள்ளங்கையில ஏந்தணும்னு உனக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கும்மா. "காலையில இவ்வளவுதான்டி திறக்கும்"னு எமல்டாகிட்ட சொன்னேன்.